74 கிலோ 47 ஆனது எப்படி?

கோத்தகிரி பக்கத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறோம்.

காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை பச்சைத் தேயிலை கொள்முதல் மையம் ஒன்றில் எடை எழுதும் வேலை இவருக்கு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அதற்கான விசாரிப்பு, முன்பதிவு, முன்பணம் எல்லாம் இவருடைய போனில்தான். மகன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். மாமியாருக்குச் சர்க்கரை நோய். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் இவர்தான். மே மாதத்தில் இலையும் அதிகம், சீசன் கூட்டமும் அதிகம். அந்த மாதத்தில்தான் வரிசையாகத் தவறுகள். பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) வயதான அம்மா ஒருவர் கொண்டுவந்த மூன்று சாக்கும் சேர்த்து 74 கிலோ. இவர் ஏட்டில் 47 என்று எழுதி, அதையே பாஸ் புத்தகத்திலும் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். பொறுப்பாளர், "வித்தியாசத்தை உன் சம்பளத்தில் பிடிப்பேன்" என்கிறார். ஒரே சனிக்கிழமைக்கு ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குச் சொன்னது இன்னொன்று. ஹெல்மெட்டுக்குள் புளூடூத்தில் பேசிக்கொண்டே ஸ்கூட்டரில் வளைவு திரும்பும்போது, எதிரே வந்த பஸ்ஸைக் கடைசி நொடியில்தான் பார்த்தாராம்.

அவர் கேட்பது: "என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? கோவையில் இருக்கும் தங்கை ரீல்ஸ் பார்த்துவிட்டு இது ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு), மாத்திரை இருக்கிறது என்கிறாள். முன்பெல்லாம் என்னை எல்லோரும் அஷ்டாவதானி என்பார்கள். பழையபடி நாலு வேலையை ஒன்றாகப் பார்க்க மூளைக்கு ஏதாவது பயிற்சி உண்டா? கணவர் ஒரு வேலையை விட்டுவிடச் சொல்கிறார். விடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. எந்தத் தவறு என்றைக்கு நடந்தது, அப்போது மணி என்ன, போனில் யார், என்ன கேட்டார் என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஞாபகம் கெட்டவர் எழுதுகிற கடிதம் இப்படி இருக்காது. மூன்று தவறுகளிலும் பொதுவாக இருப்பது மறதியும் கிடையாது. மூன்றிலும் உங்கள் காதில் போன் இருந்தது.

அந்த 74 கிலோவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பதன்படி, தராசில் கடைசிச் சாக்கு ஏறியபோது அழைப்பு வந்தது. வருகிறவர் "நாலு பேர், ஏழாம் தேதி வர்றோம், இ-பாஸ் எப்படி எடுக்கணும்?" என்று கேட்டார். (இ-பாஸ் என்பது நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கான முன் அனுமதி.) நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே "எழுபத்து நாலு" என்று கூட்டி, ஏட்டில் எழுதினீர்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதில் விழுந்தது நாலு, ஏழு. மனதில் இருந்தது ஏழு, நாலு. கை எழுதியது 47.

உறுதியாக இதுதான் காரணம் என்று யாராலும் சாதிக்க முடியாது. ஆனால் இப்படி நடக்கக்கூடியதுதான். ஒரு எண்ணைப் படித்து அதை எழுதி முடிக்கும்வரை, மனதுக்குள் நாம் அதை ஓசையாகச் சொல்லிக்கொண்டே வைத்திருக்கிறோம். 1974-ல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு உளவியலாளர்கள் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த விளக்கம் இது. அந்த ஓசைக்கான இடம் மிகச் சிறியது, சில நொடிக்கு மேல் தாங்காது. அதே நேரத்தில் காதில் இன்னொரு பேச்சு விழுந்தால் அதுவும் அங்கேதான் போய் உட்காரும். பேச்சில் எண்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம். 74 உங்கள் மனதில் பதிந்து பிறகு மறந்துபோகவில்லை, பதியவே இல்லை. பதியாததைத் தேடி "ஞாபகம் வரவில்லையே" என்று பயப்படுகிறீர்கள்.

"இரண்டையும் ஒன்றாகத்தானே செய்கிறேன்" என்று உங்களுக்குத் தோன்றும். யோசனை தேவைப்படும் இரண்டு வேலைகளை மூளை ஒன்றாகச் செய்வதில்லை. இதை விட்டு அதற்கும், அதை விட்டு இதற்கும் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் கொஞ்சம் நேரம் செலவாகும். எந்த இடத்தில் விட்டோம், இந்த வேலையின் விதி என்ன என்று மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் ஆகியோர் 2001-ல் வெளியிட்ட சோதனைகளில், வேலை சிக்கலாக ஆக இந்தத் தாவல் செலவும் கூடியது. ஒரு தாவலுக்கு ஒரு நொடிகூட ஆகாமல் போகலாம். ஒரு காலையில் எத்தனை முறை தாவுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் உண்டு. சோஃபி லெராய் 2009-ல் காட்டியதுபோல, முடிக்காமல் விட்ட வேலையின் மிச்சம் அடுத்த வேலைக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வரும். போனை வைத்த பிறகும் "அந்த ஈரோட்டுக்காரர் பணம் போட்டாரா" என்று ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த சாக்கு தராசில் ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். 'ஒருமுறை கவனம் கலைந்தால் திரும்ப 23 நிமிடம் ஆகும்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. அது குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலக ஊழியர்களைக் கவனித்தபோது கிடைத்த சராசரி. இடையில் அவர்கள் பார்த்த வேறு வேலைகளின் நேரமும் அதில் அடக்கம். எடை மேசையில் உங்களுக்கு 23 நிமிடம் ஆகாது. ஆனால் அதே ஆய்வாளர் 2008-ல் சொன்னதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. குறுக்கீடு உள்ளவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. "வேலை எல்லாம் முடிந்துவிடுகிறது, ஆனால் சாயங்காலம் யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது" என்று நீங்கள் எழுதிய வரிக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அஷ்டாவதானி என்ற பட்டத்தைப் பற்றி

அவதானம் என்ற சொல்லுக்குப் பொருளே கவனம்தான். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (நூறு அவதானம்) நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவதானி செய்வது என்ன? ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்கு கேட்பார், ஒருவர் முதுகில் நெல்லையோ பூவையோ எறிவார்; எறிந்தது எத்தனை என்று கடைசியில் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் தெரியும். உள்ளே அவர் ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து, அதன் நேரத்தில் அதை எடுத்து, மற்றதைப் பழகிய முறையில் கட்டி வைக்கிறார். அது வருடக்கணக்கான பயிற்சி. மேடையில் இருக்கும்போது அவர் அதை மட்டுமே செய்கிறார். நடுவில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க எழுந்து போவதில்லை.

முன்பு உங்களால் முடிந்தது என்கிறீர்கள். முடிந்திருக்கும். அப்போது அறை வாடகைத் தொழில் இல்லை, ஸ்மார்ட்போன் இல்லை, மாமியார் நடமாட்டமாக இருந்தார். சமைத்துக்கொண்டே பையனுக்குப் பாடம் கேட்பது வேறு வகை. கை பழகிய வேலையும் வாய்ப் பேச்சும் ஒன்றையொன்று அதிகம் இடிக்காது. எண்ணும் பேச்சும் இடிக்கும். 'பெண்களுக்கு இது இயல்பிலேயே வரும்' என்பதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 2019-ல் ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்துச் செய்த சோதனையில், வேலை மாறும்போது ஏற்படும் இழப்பு இரு பாலருக்கும் ஒன்றாகவே இருந்தது. அந்தப் பாராட்டு எப்போதும் கூடுதல் வேலையோடு சேர்ந்தே வருகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

விதிவிலக்கானவர்கள் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரைச் சோதித்ததில், வண்டி ஓட்டும் பாவனைக் கருவியில் உட்கார்ந்து, போனில் கணக்கும் ஞாபகச் சோதனையும் செய்து, இரண்டிலும் சறுக்காதவர்கள் 2.5 சதவீதம். ஐந்து பேர். 'நான் அந்த ஐந்தில் ஒருவர்' என்று நம்புகிறவர்கள் நிறைய. இதே ஆய்வுக் குழு 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பல வேலைகளை ஒன்றாகச் செய்வதில் தாம் கெட்டி என்று சொல்லிக்கொண்டதற்கும் உண்மையான திறமைக்கும் பொருத்தமே தெரியவில்லை.

மூளைப் பயிற்சிச் செயலிகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். அவற்றில் விளையாடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும். எடை மேசைக்கு அது வந்து சேர்வதற்குச் சான்று பலவீனம். இப்படி விளம்பரம் செய்த ஒரு பெரிய நிறுவனம் 2016-ல் அமெரிக்க அரசு அமைப்புக்கு 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எதற்கு?

அம்மாவின் நோய் உங்கள் மனதில் இருக்கிறது. அந்தப் பயத்தைப் பேச்சால் மட்டும் தீர்க்க முடியாது. மறதி நோயின் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு மாதிரி இருக்கும். தினமும் போகும் வழி குழம்புவது, பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது, பழகிய பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் நிற்பது, மறதி தனக்குத் தெரியாமல் வீட்டார் கண்ணுக்கு மட்டும் தெரிவது. உங்களிடம் இவை எதுவும் இல்லை. போன் இல்லாத ஞாயிறுகளில் தவறே வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனாலும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, சர்க்கரை இந்த நான்கும் போதும். 40 வயதை ஒட்டிய பெண்களுக்கு ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மந்தமான கவனமாகவும் வெளிப்படலாம். மாதவிலக்கு ஒழுங்கு மாறியிருக்கிறதா, குறட்டையோடு தூக்கம் கலைகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 குறைந்திருந்தால் அதற்கு மாத்திரை பலன் தரும்; குறையாதவருக்கு ஞாபகசக்தி டானிக் வாங்குவது காசுக்குக் கேடு.

தங்கை சொன்ன ஏ.டி.எச்.டி.யைச் சிரித்துத் தள்ள வேண்டாம். பெரியவர்களுக்கும் அது உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வர, 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் இல்லாமல் வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண், பத்து வருடம் தவறில்லாத ஏடு, சென்ற மே மாதம் முதல் குழப்பம் என்ற உங்கள் கதை அதோடு பொருந்தவில்லை. அதற்கான மாத்திரைகள் மனநல மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாதவை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மலையிறங்கி அலைய முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எடை மேசையில்

முதலில் ஒரு நாள் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். ஏட்டின் கடைசிப் பக்கத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போது யார் குறுக்கிட்டாலும் ஒரு கோடு. போன் என்றால் நேர்க்கோடு, ஆள் என்றால் சாய்கோடு. எது அதிகம் என்று தெரிந்தால்தான் எதை அடைப்பது என்று தெரியும்.

போன் மேசையில் கவிழ்த்து வைத்தால் போதாது. அது நடுங்கினாலே மனம் அங்கே போய்விடும். பையில் போட்டு, பையைக் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும் என்ற தூரம் வேண்டும்.

சாக்கு தராசில் இருக்கும்போது பேச்சில்லை என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். விமானங்களில் இப்படி ஒரு விதி உண்டு. அமெரிக்காவில் 1981 முதல், விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது ஓட்டும் அறையில் பணிக்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும் கூடாது. (தொட்டபெட்டா உச்சியில் ஏறி நின்றாலும் 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடிதான். அந்தக் கணக்கில் நீலகிரியில் யாருமே வாய் திறக்கக் கூடாது!) நீங்கள் கேட்பது சாக்கு ஏறி, எண் எழுதி முடியும்வரை உள்ள அரை நிமிடம் மட்டும். வரிசையில் நிற்பவர்களுக்குக் காரணம் சொல்லிவிட்டால் மறுக்க மாட்டார்கள், அவர்கள் காசுதானே.

எண்ணை வாய்விட்டு, இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். "எழுபத்து நாலு" என்று சொல்வதோடு "ஏழு, நாலு" என்றும் சொல்லுங்கள். இலை கொண்டுவந்தவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு எழுதுங்கள். பாஸ் புத்தகத்துக்கு ஏட்டைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். ஏட்டில் தப்பு இருந்தால் நகலிலும் அதே தப்பு வரும், உங்களுக்கு வந்ததுபோல. தராசைப் பார்த்தே இரண்டாவது முறையும் எழுதுங்கள். சாக்கைத் தூக்கி வைப்பவர் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது. இரண்டு கண் பார்த்த கணக்கு ஆகிவிடும்.

ஒரு மணிக்குக் கிளம்பும் முன் சிலேட்டுக் கூட்டலையும் ஏட்டுக் கூட்டலையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்து, அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கணக்கர்களின் பழைய உபாயம் இது. 74-லிருந்து 47 போனால் 27, மூன்று ஒன்பது. 63-ஐ 36 என்று எழுதினாலும் 27, 52-ஐ 25 என்றால் அதுவும் 27. ஒன்பதால் வகுத்து வரும் ஈவுதான் அந்த இரண்டு இலக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம். 27 என்றால் ஈவு மூன்று. மூன்று வித்தியாசம் உள்ள எண்களை மட்டும் தேடினால் போதும், ஏடு முழுக்கப் புரட்ட வேண்டியதில்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கும் முன் உள்ள எண்ணில் இதைச் செய்யுங்கள். கழித்த பிறகு கணக்கு கலங்கிவிடும்.

யாராவது தவிர்க்க முடியாமல் கூப்பிட்டால், எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடிக்கும்வரை தலையைத் தூக்காதீர்கள். வரியின் நடுவிலேயே எழ வேண்டி வந்தால், துண்டுச்சீட்டில் நாலு சொல்: "மூன்றாம் சாக்கு பாக்கி, ஈரம் கழிக்கவில்லை." திரும்பி வந்து எங்கே தொடங்க வேண்டும் என்பது கையில் இருந்தால், முன்னே சொன்ன அந்த மிச்சம் ஒட்டுவது குறையும் என்று லெராய், குளோம்ப் இருவரும் 2018-ல் காட்டியிருக்கிறார்கள்.

அறை வாடகையும் போனும்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது: எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சிலர் போவார்கள். ஆனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே ஐந்தாறு கேள்விதான். வாடகை எவ்வளவு, வெந்நீர் உண்டா, கார் நிறுத்த இடம், சாப்பாடு, இ-பாஸ். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததிலிருந்து அந்தக் கேள்விக்கே பாதி நேரம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் போனில் இரண்டு சிம் போடும் வசதி இருக்கிறது. இரண்டாவது எண்ணை அறைக்கு மட்டும் ஒதுக்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதில் பிசினஸ் டூல்ஸ் பகுதிக்குள் 'அவே மெசேஜ்' இருக்கும். காலை 8 முதல் 1.15 வரை என்று நேரம் குறித்து இப்படி எழுதி வையுங்கள்: "வணக்கம். இப்போது வேலையில் இருக்கிறேன். தேதி, எத்தனை பேர், எந்த ஊர் என்று அனுப்புங்கள். 1.30-க்குள் பதில் வரும்." அங்கேயே 'குயிக் ரிப்ளை' இருக்கிறது, வாடகை, இ-பாஸ், வழி ஆகியவற்றுக்கு மூன்று பதில்களை ஒருமுறை தட்டி வைத்தால், சாய்கோடு போட்டுப் பெயரைத் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும்.

அவசரத்துக்கு? ஆண்ட்ராய்டு போனில் 'டு நாட் டிஸ்டர்ப்' வைத்து, நட்சத்திரமிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி செய்யலாம். கணவர், மாமியார், பள்ளி, பக்கத்து வீடு நான்கு போதும். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் விடும்படியும் அதில் வசதி உண்டு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: நிஜமான அவசரம் என்றால் இரண்டு தடவை அடியுங்கள். மணி கேட்கும் தூரத்தில்தான் பை தொங்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம்.

பதில் சொல்ல ஒரு நாளில் இரண்டு நேரம்: மதியம் 1.15 முதல் 1.45, இரவு 7.30 முதல் 8. சீசனில் காலை 10.30-க்கு டீ குடிக்கும்போது பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம், தராசு காலியாக இருந்தால். முன்பதிவை அழைப்பில் ஒருபோதும் உறுதி செய்யாதீர்கள். "பார்த்துட்டு இருபது நிமிஷத்துல சொல்றேங்க" என்பது ஒன்றே பதில். சமையலறையில் தொங்கும் காலண்டரில் தேதிக்கு நேராக அறை எண், பெயர், முன்பணம் மூன்றும் எழுதிய பிறகுதான் அது முன்பதிவு. போனில் ஒரு குறிப்பு, டைரியில் ஒரு குறிப்பு என்று இரண்டு இடம் வைத்திருந்ததால்தான் அந்தச் சனிக்கிழமை இரண்டு குடும்பத்துக்குப் போனது.

முதல் வாரம் சிரமமாக இருக்கும். கை தானாகப் போனைத் தேடும். ஒருவரோ இருவரோ கோபிப்பார்கள். மழையில் டவர் போய்த் திரும்ப வரும்போது செய்திகள் குவியலாக வந்து விழும். அப்போது பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். நான்கு வாரம் தாண்டி முடிவு பாருங்கள், நான்கு நாளில் பார்க்காதீர்கள்.

வண்டியில் மட்டும் பேரம் இல்லை

மற்றவற்றில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இதில் கூடாது. 'கையில் பிடிக்கவில்லை, புளூடூத்தானே' என்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் 2019-ல் சேர்த்தது கையில் பிடித்துப் பேசுவதைத்தான். உங்கள் வாதம் அதிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் கை சும்மா இருந்தால் கவனமும் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் இருவரும் 2001-ல் நடத்திய சோதனையில், கையில் பிடித்துப் பேசியவர்களும் பிடிக்காமல் பேசியவர்களும் சிக்னலைத் தவறவிட்டதில் வித்தியாசம் இல்லை. கண் ரோட்டைப் பார்க்கும். மூளை அதை எடுத்துக்கொள்ளாது. பஸ் திடீரென்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சத்தத்தோடுதான் வந்திருக்கும்.

மலை ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கண் பார்க்காது, காதுதான் பார்க்கும். ஹாரன், கியர் மாற்றும் உறுமல், பனிமூட்டத்தில் காட்டெருமை புதரை முறிக்கும் சத்தம். அந்தக் காதைத்தான் நீங்கள் வாடகைக்கு விட்டிருந்தீர்கள். ஹெல்மெட்டிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வண்டியை எடுக்கும் முன் போனை சீட்டுக்கு அடியில் பூட்டுங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால், வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரம் கட்டி, வண்டியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

எதைச் சேர்த்துச் செய்யலாம்?

எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னால் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 40 மணி நேரம் வேண்டும். துணி மடித்துக்கொண்டே ரேடியோ கேட்கலாம். பூண்டு உரித்துக்கொண்டே பையன் ஒப்பிப்பதைக் கேட்கலாம். அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது உரிக்கக் கூடாது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது தனி வேலை, அதிலும் இன்சுலின் என்றால் யாரும் பக்கத்தில் பேசக் கூடாது. ஏழு நாளுக்கான அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை ஞாயிறு மதியம் ஒரே உட்காரலில் நிரப்பிவிடுங்கள். தினமும் மூன்று முறை யோசிக்க வேண்டியது வாரம் ஒருமுறையாகச் சுருங்கும்.

இரவு படுக்கும் முன் காகிதத்தில் நாளைய பாக்கிகளை எழுதுங்கள். எழுதும்போது 'கேஸ்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'கேஸ் பதிவு, மதியம் 1.20, சாப்பிடும் முன்' என்று எப்போது என்பதும் இருக்க வேண்டும். முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருப்பதை, எப்போது எப்படிச் செய்வேன் என்ற திட்டமே பெரும்பாலும் அடக்கிவிடுகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரின் 2011 ஆய்வு சொல்கிறது. வேலை அப்படியே இருந்தாலும் சரி. ஐந்தரை மணி நேரம் தூங்குகிறேன் என்கிறீர்கள். முதலில் அதை ஆறரையாக்கப் பாருங்கள்; அதைச் செய்யாமல் மற்றது எதுவும் முழுப் பலன் தராது.

வேலையை விடுவது பற்றி: மே மாதக் களைப்பில் அந்த முடிவை எடுக்காதீர்கள். எடை வேலை மாதச் சம்பளம். அறை வாடகை சீசன் பணம். இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. விடுவதற்கு முன் பகிர்ந்து பாருங்கள். காலை எட்டிலிருந்து ஒன்று வரை அறைக்கான சிம் கணவரின் போனில் இருக்கட்டும். 'ஒரு வேலையை விடு' என்று சொல்கிறவர், சீசன் இரண்டு மாதம் ஐந்து மணி நேரம் போன் எடுக்கலாம் என்று கேட்பதில் தப்பில்லை. அதற்கும் வழியில்லை, நான்கு வாரம் கழித்தும் ஏட்டில் தவறு வருகிறது என்றால், அப்போது காலைப் பொழுது அழைப்புகளை முழுக்க நிறுத்திவிட்டு எத்தனை முன்பதிவு குறைகிறது என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கையில் வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

அந்த 27 கிலோ

சம்பளப் பிடித்தத்துக்கு உடனே தலையாட்ட வேண்டாம். யோசித்துப் பாருங்கள்: இலை வண்டியில் ஏறியது 74 கிலோதான். அப்படியானால் அன்று ஃபேக்டரி எடைச்சீட்டில் உங்கள் ஏட்டைவிடக் கூடுதல் வந்திருக்க வேண்டும். போகிற வழியில் ஈரம் வற்றி எடை கொஞ்சம் குறையும், அதனால் சரியாக 27 இருக்காது; ஆனால் மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் தெரியும். இலை போய்ச் சேர்ந்திருந்தால் மையத்துக்கு இழப்பே இல்லை, அந்த அம்மாவுக்குத் தர வேண்டியது பாக்கி, அவ்வளவுதான். இழப்பு இருந்தாலும்கூட, உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது, இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது என்பது ஊதியச் சட்டத்தின் விதி. எடைச்சீட்டைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள்.

அந்த அம்மா வரும் நேரத்தில் வேண்டுமென்றே உள்ளே போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏமாற்றினீர்கள் என்ற பேச்சு இருந்தால், அதை உறுதி செய்வது இந்த ஒளிதல்தான். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நீங்களும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், எடை மேசையில் வரிசை நிற்கும்போதே. ஏட்டில் 47-ஐ அழிக்காமல், வெள்ளை மை தடவாமல், குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் 74 என்று எழுதி, தேதியிட்டு நீங்களும் பொறுப்பாளரும் கையெழுத்திடுங்கள். பாஸ் புத்தகத்திலும் அதேபோல. "போன் பேசிக்கிட்டே எழுதினேன்மா, ஏழையும் நாலையும் மாத்திப் போட்டுட்டேன். இனிமே நீங்களும் எண்ணைத் திருப்பிச் சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய அடுத்த சாக்கிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.